கடைசி நொடிக்கு முன்பே கைநழுவிய ஆட்டம்: 2013 அயர்ன் பவுலில் அலபாமா ஏன் தோற்றது?

2013 நவம்பர் 30, சனிக்கிழமை. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஆபர்ன் பல்கலைக்கழகத்தின் ஜோர்டன்-ஹேர் மைதானம். அலபாமா, ஆபர்ன் பல்கலைக்கழக அணிகள் ஆண்டுதோறும் மோதும் அமெரிக்கக் கால்பந்து ஆட்டமான அயர்ன் பவுல். கூடியிருந்தவர்கள் 87,451 பேர். ஸ்கோர் 28-28. கடிகாரத்தில் ஒரே ஒரு நொடி. அலபாமா 57 யார்டு தூரத்திலிருந்து ஃபீல்ட் கோலுக்கு உதைக்கிறது. பந்து குறுக்குக் கம்பியை எட்டவில்லை. கம்பத்தடியில் காத்து நின்ற கிறிஸ் டேவிஸ் அதைப் பிடித்தார், இடது ஓரமாக மறுகோடிவரை ஓடி டச் டவுன் போட்டார். ஆபர்ன் 34, அலபாமா 28.

இந்த ஓட்டத்துக்கு ‘கிக் சிக்ஸ்’ என்று பெயர் நிலைத்துவிட்டது. அதிகாரபூர்வப் புள்ளிவிவரத்தில் அது 100 யார்டுதான், ஏனென்றால் கல்லூரிக் கால்பந்தின் கணக்கேட்டில் அதற்கு மேல் எழுத வழியில்லை. உண்மையில் டேவிஸ் கோல் கோட்டுக்குப் பின்னால் சுமார் 9 யார்டு ஆழத்திலிருந்து ஓடத் தொடங்கினார். ஆபர்ன்காரர்கள் 109 என்றே சொல்வார்கள்.

அலபாமா அன்று சாதாரண அணி இல்லை. 2011, 2012 இரண்டு ஆண்டும் தேசியப் பட்டம். 2013-ல் அதுவரை 11 ஆட்டம், 11 வெற்றி, தரவரிசையில் முதலிடம். முந்தைய ஆண்டு இதே ஆபர்னை 49-0 என்று தோற்கடித்திருந்தது. அந்த 2012-ல் ஆபர்ன் மொத்தமே 3 ஆட்டம்தான் வென்றது, 9 தோற்றது. ஒரே வருடத்தில் கஸ் மால்சான் பயிற்சியாளராக வந்து அதே அணியை 10-1 என்ற கணக்கோடு நான்காம் இடத்தில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்.

தோல்விக்குப் பிறகு அலபாமா ரசிகர்கள் ஐந்து காரணங்களைச் சொல்லி வாதாடினார்கள், இன்றும் வாதாடுகிறார்கள். கிக்கர் கேட் ஃபாஸ்டர் உதைகளைத் தவறவிட்டார். பயிற்சியாளர் நிக் சேபன் நான்காவது டவுனில் மூன்று புள்ளியை எடுக்காமல் விட்டார். முடிந்துபோன ஆட்டத்தில் ஒரு நொடியைக் கேட்டு வாங்கியதே சேபன்தான். ஆபர்ன் சமன் செய்த டச் டவுனில் நடுவர் விதிமீறல் என்று கொடி வீசியிருக்க வேண்டும். கடைசி உதையின்போது களத்தில் நின்ற பருத்த உடம்புக்காரர்களால் யாரையும் துரத்த முடியவில்லை.

ஐந்திலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் தனித்தனியாக எடுத்தால் ஒன்றும் தோல்வியை விளக்காது. அலபாமாவின் உதைப் பிரிவு, அதாவது பந்தை உதைப்பதற்கென்றே இறங்கும் 11 பேர் அடங்கிய அந்தக் குழு, ஆட்டம் முழுக்கத் தடுமாறியது. கடைசி நொடி அந்தத் தடுமாற்றத்தின் கடைசித் தவணை.

தூரக் கணக்கு

கிரிக்கெட் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இரண்டு விஷயம் தெரிந்தால் போதும். நான்கு முயற்சிக்குள், அதாவது நான்கு டவுனுக்குள், 10 யார்டு முன்னேற வேண்டும். முடியாவிட்டால் பந்து எதிரணிக்கு. டச் டவுனுக்கு 6 புள்ளி, பின்னால் வரும் சிறு உதைக்கு 1. ஃபீல்ட் கோலுக்கு 3.

ஃபீல்ட் கோல் தூரத்தைக் கணக்கிடப் பந்து கிடக்கும் கோட்டின் எண்ணோடு 17 கூட்டினால் ஏறத்தாழச் சரியாக வரும். கோல் கம்பம் கோல் கோட்டுக்கு 10 யார்டு பின்னால் நிற்கிறது. பந்து கோட்டிலிருந்து ஏழெட்டு யார்டு பின்னால் அனுப்பப்பட்டு அங்கே தரையில் நிறுத்தி உதைக்கப்படுகிறது. அதனால் 13-ம் யார்டு கோட்டில் கிடக்கும் பந்து என்றால் 30 யார்டு உதை. 27 என்றால் 44.

இன்னொரு விதி இந்த வழக்குக்கே உயிர். தவறிப்போன ஃபீல்ட் கோல் கம்பத்தைத் தாண்டாமல் குறைவாக விழுந்தால் பந்து செத்துப்போவதில்லை. எதிரணி அதைப் பிடித்து ஓடலாம். வழக்கமாக யாரும் ஓடுவதில்லை. தொடாமல் விட்டால், உதைக்கும் முன் பந்து கிடந்த கோட்டிலேயே அது கிடைக்கும், அது லாபம். ஆனால் நேரம் முடியும் தறுவாயில் அந்த லாபத்துக்கு மதிப்பில்லை. ஓடிப் பார்ப்பதில் எதிரணிக்கு நஷ்டமே கிடையாது.

புள்ளிகள் எங்கே போயின

மொத்த யார்டுகளில் அலபாமாதான் முன்னிலை: 495-க்கு 393. தாக்குதலை நடத்திப் பந்தை எறியும் குவார்ட்டர்பேக் ஏ.ஜே. மெக்கரன் 29 வீச்சில் 17-ஐச் சேர்த்து 277 யார்டும் 3 டச் டவுனும் எடுத்தார். டி.ஜே. யெல்டன் 141 யார்டு ஓடினார். 102 யார்டு கூடுதலாக எடுத்த அணி தோற்றால், யார்டு புள்ளியாக மாறும் இடத்தில்தான் ஓட்டை என்று அர்த்தம். அந்த இடம் ஃபீல்ட் கோல்.

முதல் கால் பகுதியில் ஃபாஸ்டரின் 44 யார்டு உதை தவறியது. ஆபர்ன் முதலில் 7-0 என்று முன்னேற, அலபாமா தொடர்ந்து மூன்று டச் டவுன் போட்டு 21-7 ஆக்கியது. இடைவேளையில் 21-14. மூன்றாம் கால் பகுதியில் ஆபர்ன் 21-21 என்று சமன் செய்தது. இதுவரை நடந்தது எந்த நல்ல ஆட்டத்திலும் நடப்பதுதான்.

நான்காம் கால் பகுதியை நிதானமாகப் பார்க்க வேண்டும்.

அது தொடங்கிய வேளையில் ஃபாஸ்டர் 28 யார்டு உதையைச் சரியாகவே போட்டார். செல்லவில்லை. அலபாமா தரப்பின் விதிமீறலுக்குக் கொடி விழுந்து 5 யார்டு பின்னால் தள்ளப்பட்டது. திரும்ப உதைத்தபோது தூரம் 33, பந்து வெளியே போனது. கிக்கரின் பெயரில் எழுதப்பட்ட இந்தத் தவறு அந்த விதிமீறலில் ஆரம்பித்தது. அந்தக் கொடி விழாமல் இருந்திருந்தால் அலபாமா 24-21 என்று முன்னால் போயிருக்கும்.

அடுத்து ஆபர்ன் தூர உதையால் அலபாமாவை அதன் சொந்த 1-ம் யார்டு கோட்டில் முடக்கியது. அங்கிருந்து மெக்கரன் எறிந்த பந்தை அமரி கூப்பர் வாங்கி 99 யார்டு டச் டவுன் போட்டார். 28-21, மிச்சம் 10 நிமிடம் 28 நொடி. அந்த மைதானமே வாயடைத்துப் போன கணம் அது. அலபாமாவின் கடைசிப் புள்ளியும் அதுதான் என்று அப்போது யாருக்கும் தோன்றியிருக்காது.

பின்னர் ஆபர்ன் தன் 35-ம் கோட்டில் நான்காவது டவுனில் ஒரு யார்டுக்குத் துணிந்து முயன்று தோற்றது. பந்து அலபாமாவுக்கு, அதுவும் எதிரணியின் 35-ல். தங்கத் தாம்பாளத்தில் வைத்து நீட்டியது போல. அங்கிருந்து 13-ம் கோடுவரை போய், 5 நிமிடம் 34 நொடி மிச்சமிருக்க, நான்காவது டவுன், ஒரு யார்டு தேவை. உதைக்காமல் ஓடினார்கள். யெல்டன் தடுக்கப்பட்டார். பூஜ்யம்.

ஆபர்னால் அந்த மூலையிலிருந்து நகர முடியாமல் பந்தை உதைத்துக் கொடுத்தது. அலபாமா மறுபடியும் ஃபீல்ட் கோல் தூரத்தில். 44 யார்டு உதை, இந்த முறை தடுப்பாளர் கைபட்டுத் தட்டப்பட்டது. பூஜ்யம். 2 நிமிடம் 32 நொடி மிச்சமிருக்கப் பந்து ஆபர்னிடம், அதன் 35-ல்.

கடைசியாக அந்த 57 யார்டு உதை.

ஒரே கால் பகுதியில் நான்கு தடவை ஃபீல்ட் கோல் தூரத்துக்குப் போய் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. முதல் மூன்றில் எந்த ஒன்று 3 புள்ளியாகியிருந்தாலும் ஆபர்னின் கடைசி டச் டவுன் சமன் செய்திருக்காது. கடைசி நொடி என்ற பேச்சே எழுந்திருக்காது.

ஃபாஸ்டர் மீது போட்ட பழி

மூன்று உதை வீண் என்றால் கிக்கரைச் சொல்வது இயல்பு. ஆனால் ஃபீல்ட் கோல் தனி ஆள் வேலை இல்லை. நீள எறிபவர் கால் இடுக்கு வழியாகப் பந்தை அனுப்புகிறார். ஹோல்டர் அதைப் பிடித்து, தையல் கிக்கரின் காலில் படாதபடி முன்பக்கம் திருப்பி, சரியான சாய்வில் நிறுத்துகிறார். கிக்கர் அதற்குள் ஓடத் தொடங்கிவிட்டார். பந்து நகர்ந்ததிலிருந்து காலில் படும்வரை சுமார் 1.3 நொடி. எறிந்தது ஒரு சாண் மேலே போனாலும் ஹோல்டரின் கை தாமதிக்கும், கிக்கரின் அடி தடுமாறும். வரிசையில் இருப்பவர்கள் பாதத்தோடு பாதம் ஒட்டி நின்று உள்பக்கத்தை முதலில் அடைக்க வேண்டும், ஏனென்றால் நடுவில் வருபவனுக்குத்தான் பந்துக்குக் குறுகிய வழி. தூரம் கூடக் கூட உதை தாழ்ந்து புறப்படும், தட்டப்படும் வாய்ப்பும் கூடும். 44 யார்டு உதை தட்டப்பட்டால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி கிக்கரிடம் அல்ல, அந்த ஆளைப் பந்தருகே வரவிட்டது எந்த இடைவெளி என்பதுதான்.

அலபாமாவுக்கு இது புது நோயும் இல்லை. 2011 நவம்பர் 5 அன்று எல்.எஸ்.யூ. (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) அணியிடம் கூடுதல் நேரத்தில் 9-6 என்று தோற்ற ஆட்டத்தில் நான்கு ஃபீல்ட் கோல் வீணானது. மூன்று ஃபாஸ்டருடையது, ஒன்று ஜெரமி ஷெல்லியுடையது. 2012-ல் வேலையைப் பிரித்துக் கொடுத்துச் சமாளித்தார்கள். குறுகிய தூரத்துக்கு ஷெல்லி, நீண்ட தூரத்துக்கு ஃபாஸ்டர். ஷெல்லி அந்த ஆண்டு 11-க்கு 11 போட்டார். அவர் படித்து முடித்துப் போனதும் 2013-ல் இரண்டு சுமையும் ஃபாஸ்டர் தலையில். 30 யார்டு ஆடுவதும் 45 யார்டு ஆடுவதும் ஒரே உதை போலத் தெரிந்தாலும், முன்னதற்குத் தேவை துல்லியம், பின்னதற்குத் தேவை பலம். நாட்டின் சிறந்த ஆட்டக்காரர்களை நிலை வாரியாகக் குவித்து வைத்திருந்த அணி இந்த ஒரு இடத்தை மட்டும் இருப்பதை வைத்து ஓட்டியது.

ஆட்டத்துக்குப் பிறகு ஃபாஸ்டருக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவருக்கு. முன்னாள் அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் கைப்பட எழுதி அவருக்கு ஆறுதல் கடிதம் அனுப்பினார். ஃபாஸ்டரின் சட்டை எண் 43, புஷ் அமெரிக்காவின் 43-வது அதிபர். கடிதத்தில் தன்னை இன்னொரு 43 என்று குறிப்பிட்டிருந்தார். ரசிகர் பேச்சு எந்த அளவுக்குத் தரம் தாழ்ந்தது என்பதற்கு அந்தக் கடிதம் தேவைப்பட்டதே சாட்சி. பந்தயப் பகை வேறு, வெறுப்பு வேறு. இந்த இரு அணிகளின் வரலாற்றில் அந்தக் கோடு முன்பும் தாண்டப்பட்டிருக்கிறது. 2010 ஆட்டத்துக்குப் பிறகு ஆபர்னின் டூமர்ஸ் கார்னர் சந்திப்பில் நின்ற பழம்பெரும் ஓக் மரங்களுக்கு ஓர் அலபாமா ரசிகர் விஷம் வைத்தார். 2013 ஏப்ரலில் அவற்றை வெட்ட வேண்டியதாயிற்று.

நான்காவது டவுன், ஒரு யார்டு

உணவுக் கடைகளிலும் வானொலியிலும் அதிகம் அடிபட்ட முடிவு இது. 28-21, 13-ம் கோடு, 5:34 மிச்சம். 30 யார்டு உதை போட்டால் 31-21. பத்துப் புள்ளி வித்தியாசம் என்றால் ஆபர்ன் இரண்டு தடவை புள்ளி எடுத்தாக வேண்டும். ஆகவே உதைத்திருக்க வேண்டும் என்பது ரசிகர் வாதம்.

தாளில் எழுதிப் பார்த்தால் அது சரி. ஆனால் சேபன் அந்தக் கணத்தில் கையில் வைத்திருந்தது சற்று முன் 33 யார்டைத் தவறவிட்ட உதைப் பிரிவு. மறுபுறம், ஒரு யார்டு எடுத்துவிட்டால் மேலும் நான்கு டவுன், ஆபர்னின் டைம் அவுட்கள் கரையும், ஆட்டம் ஏறத்தாழ முடிந்துவிடும். கல்லூரி ஆட்டத்தில் நான்காவது டவுனில் ஒரு யார்டு பாதிக்கு மேல் கைகூடுவதுதான். தவறினாலும் எதிரணி தன் 13-ல் மாட்டும். நடந்ததும் அதேதான், ஆபர்ன் அங்கிருந்து பந்தைத் திருப்பித் தந்தது.

துணிந்த முடிவு தவறு என்று சொல்லமாட்டேன். ஓடிய விதம்தான் தவறு. எல்லாரும் எதிர்பார்த்த நடுவழி ஓட்டம். ஆபர்ன் வரிசை முழுவதும் அங்கே குவிந்திருந்தது. ஓரமாக இழுத்துச் சென்று மெக்கரன் குறுகிய வீச்சு வீசும்படி ஓட்டப் பாவனை செய்திருந்தால், முன்னால் பாய்ந்துகொண்டிருந்த தடுப்பு அணிக்குத் திரும்ப வழி இருந்திருக்காது. நடுவில்தான் ஓடுவது என்றால் கையில் டெரிக் ஹென்றி இருந்தார். 6 அடி 3 அங்குலம், முதலாண்டு மாணவர். 2014 ஜனவரியில், பருவத்தின் முடிவில் நடக்கும் சுகர் பவுல் ஆட்டத்தில், வெறும் 8 ஓட்டத்தில் 100 யார்டு எடுத்துக் காட்டினார். அவரை இறக்காதது பற்றி அலபாமா ரசிகர்கள் புலம்புவது முழுக்க நியாயம்.

எப்படிப் பார்த்தாலும், 30 யார்டு உதை தலைமைப் பயிற்சியாளருக்கு உறுதியான 3 புள்ளியாகத் தெரியாமல் போனதுதான் நிலைமை. நான்காவது டவுன் வாதம் சுற்றிச் சுற்றி உதைப் பிரிவிடமே வந்து நிற்கிறது.

ஆபர்னின் ஓட்டமும் அந்த 32 நொடியும்

தடுப்பு அணியையும் விட்டுவிட முடியாது. ஆபர்ன் ஓடியே 296 யார்டு எடுத்தது. ட்ரே மேசன் 164, குவார்ட்டர்பேக் நிக் மார்ஷல் 99.

மால்சானின் ஆட்டமுறை எளிமையானது, தடுப்பதுதான் கடினம். தடுப்பு வரிசையின் கடைசி ஆளை வேண்டுமென்றே யாரும் தடுக்காமல் விடுவார்கள். மார்ஷல் பந்தை மேசன் வயிற்றருகே நீட்டியபடி அந்த ஆளின் தோளைப் பார்ப்பார். அவன் மேசன் மேல் பாய்ந்தால் மார்ஷல் பந்தை இழுத்துக்கொண்டு வெளியே ஓடுவார்; மார்ஷலுக்காகக் காத்தால் மேசனிடம் விட்டுவிடுவார். ஒரு தடுப்பாளனைத் தொடாமலே ஆட்டத்திலிருந்து நீக்கும் வித்தை இது. கூடவே கூட்டம் கூடிப் பேசாமல் அடுத்தடுத்து வேகமாக ஆடுவார்கள். ஆள் மாற்ற நேரம் கிடைக்காது. அலபாமாவின் பெரிய உடம்புக்காரர்கள் மூச்சு வாங்கியபடியே நிற்க வேண்டியதுதான்.

இது அலபாமாவின் தனிக் குறை இல்லை. ஆபர்ன் அந்த ஆண்டு ஓட்ட யார்டுகளில் நாட்டிலேயே முதல் அணி. அடுத்த வாரம், இந்த அணிகள் ஆடும் எஸ்.இ.சி. என்ற வட்டாரக் கூட்டமைப்பின் இறுதியில் மிசௌரி அணிக்கு எதிராக 545 யார்டு ஓடி 59-42 என்று வென்றது. மேசன் மட்டும் 46 ஓட்டத்தில் 304. அந்தப் படையை 21 புள்ளியில் 59 நிமிடத்துக்கு மேல் நிறுத்தி வைத்ததே அலபாமா தடுப்பு அணிக்குப் பெருமை.

அந்த நிறுத்தம் உடைந்தது இப்படி. தன் 35-லிருந்து தொடங்கிய ஆபர்ன் தொடர்ந்து ஆறு தடவை மேசனிடமே பந்தைக் கொடுத்து 26 யார்டு எடுத்தது. ஏழாவது ஆட்டம் பார்க்க அதே போல. மார்ஷல் பந்தை இழுத்துக்கொண்டு இடது ஓரமாக ஓடக் கிளம்பினார். வெளியே சாமி கோட்ஸைக் காவல் காத்த கார்னர்பேக் ஓட்டத்தை நிறுத்த முன்னால் வந்தார். மார்ஷல் ஓட்டத்தின் ஊடே பந்தைத் தலைக்கு மேல் தூக்கிப் போட்டார். 39 யார்டு டச் டவுன், அருகில் ஒருவரும் இல்லை. மிச்சம் 32 நொடி, 28-28.

இங்கே கார்னர்பேக்குக்கு ஒரே விதி: பந்து கிடந்த கோட்டைத் தாண்டி ஓடும்வரை மார்ஷல் பந்தை எறியலாம், ஆகவே உன் ஆளை விடாதே, ஓட்டத்தை உள்ளே இருப்பவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். பத்து யார்டு விட்டுக்கொடுத்தாலும் ஆட்டம் கையில்தான் இருந்தது. ஆறு ஓட்டம் தொடர்ந்து பார்த்த கண் ஏழாவதையும் ஓட்டம் என்றே நம்பியது. ஆறு ஓட்டத்தின் நோக்கமே அந்த நம்பிக்கைதான்.

நடுவர் கொடி பற்றிய முறையீடும் இந்த ஆட்டத்தைப் பற்றியதே. பந்து எறியப்படும்போது வரிசை ஆட்கள் கோட்டிலிருந்து 3 யார்டுக்கு மேல் முன்னால் இருக்கக்கூடாது என்பது கல்லூரி விதி. ஆபர்ன் ஆட்கள் அதைத் தாண்டியிருந்தார்கள் என்கிறார்கள். ஓட்டமும் வீச்சும் ஒரே ஆட்டத்துக்குள் கலந்திருக்கும்போது, ஓடும் குவார்ட்டர்பேக்கையும் வரிசையையும் நடுவர் ஒரே நேரத்தில் அளந்து பார்ப்பது கடினம். 2015-ல் அந்த 3 யார்டை 1 ஆக்க ஒரு முன்மொழிவு வந்து, நிறைவேறாமல் போனது. விதியில் உரசல் உண்டு என்பது உண்மை. அதற்காக அலபாமாவின் நான்கு பூஜ்யங்கள் மறைந்துவிடாது.

அந்த ஒரு நொடி

சமனான பிறகு யெல்டன் 24 யார்டு ஓடி ஆபர்ன் பாதிக்குள் கோட்டைத் தாண்டி வெளியேறினார். கடிகாரம் பூஜ்யம் காட்டியது. சேபன் முறையிட, காணொளி பார்த்து ஒரு நொடியைத் திரும்ப வைத்தார்கள். அது சரியான தீர்ப்பு. கேட்டு வாங்காமல் இருந்தால் கூடுதல் நேரம். அங்கே இரு அணியும் எதிரணியின் 25-ம் கோட்டிலிருந்து ஆளுக்கொரு வாய்ப்பு ஆட வேண்டும். ஃபீல்ட் கோல் போடத் தெரியாத அணிக்குக் கூடுதல் நேரம் பாதுகாப்பான இடம் இல்லை.

நொடி கிடைத்தபின் மூன்று வழி. முட்டி போட்டு முடித்துக் கூடுதல் நேரத்துக்குப் போவது. மெக்கரன் கோல் பகுதிக்குள் உயரமாக எறிவது. 57 யார்டு உதைப்பது. உதைக்கத் தீர்மானித்து, ஃபாஸ்டருக்குப் பதில் முதலாண்டுத் தகுதியில் இருந்த ஆடம் கிரிஃபித்தை இறக்கினார்கள். கால்பலம் வேண்டும் என்பதால் அந்தத் தேர்வு புரிகிறது. 57 யார்டு கல்லூரிக் கிக்கருக்கு அரிது, ஆனால் முடியாததல்ல. உதைத்ததில் தவறில்லை.

தவறு யாரை அனுப்பினார்கள் என்பதில். ஃபீல்ட் கோல் குழுவில் வரிசையில் ஏழு பேர், இரண்டு ஓரத்தில் இருவர், ஹோல்டர், கிக்கர். முதல் ஒன்பது பேரும் எதிராளியைத் தள்ளித் தடுக்கத் தேர்ந்தவர்கள், பெரும்பாலும் கனத்த வரிசைக்காரர்கள். 30 யார்டு உதைக்கு அதுவே சரி. ஆனால் 57 யார்டு உதை குறைவாக விழும் வாய்ப்பே அதிகம். விழுந்தால் அது ஃபீல்ட் கோல் அல்ல, பன்ட், அதாவது பந்தை எதிரணியிடம் விட்டுக்கொடுக்கும் தூர உதை. பன்ட் துரத்த வேகமான ஆட்கள் வேண்டும். அன்று துரத்தலில் எஞ்சிய கடைசித் தடை ஹோல்டராக நின்ற கோடி மாண்டெல், அணியின் பன்ட் உதைப்பவர். டேவிஸ் அவரையும் கடந்தார்.

இது எதிர்பாராத விபத்து என்று ஏற்க முடியாது. தொழில்முறை ஆட்டத்தில் 2005-ல் நேதன் வேஷரும் 2006-ல் டெவின் ஹெஸ்டரும் தவறிய ஃபீல்ட் கோலைப் பிடித்து 108 யார்டு ஓடியிருந்தார்கள். 2007-ல் அன்டோனியோ கிரோமார்ட்டி 109. மூன்றும் நாடே பார்த்தவை. ஆபர்ன் தரப்பும் மறைக்கவில்லை. மால்சான் டைம் அவுட் கேட்டார்; முதலில் பின்னால் நிற்கவிருந்த ரயன் ஸ்மித்துக்குப் பதில், பன்ட் பிடித்து ஓடிப் பழகிய டேவிஸை அனுப்பினார். உதைக்கும் முன்பே கம்பத்தடியில் ஒருவர் வெட்டவெளியில் நின்றார். அதைக் கண்ட உடனே எதிர்த் திட்டம் போட்டிருக்க வேண்டும்.

செய்ய வேண்டியது என்ன? இரண்டு ஓர ஆட்களையும் வரிசையின் இரு முனையையும் லைன்பேக்கர், சேஃப்டி போன்ற ஓடக்கூடியவர்களால் மாற்ற வேண்டும். ஓரத்தில் இடி தாங்கும் பலம் குறையும், உதை தட்டப்படும் ஆபத்துக் கொஞ்சம் கூடும். ஆட்ட நேரம் முடிந்துவிட்ட நிலையில் அந்த விலை கொடுக்கத் தக்கது. உதைத்த சத்தம் கேட்டதும் ஓர ஆட்கள் பந்தைப் பார்க்காமல் வெளியே விரிந்து பக்கக்கோட்டை அடைக்க வேண்டும், உள்ளே இருப்பவர்கள் வரிசையாகப் பரவி நடுவழியை மூட வேண்டும். கிக்கருக்குத்தான் உதை குறையும் என்று முதலில் தெரியும். அவர் சத்தம் போட வேண்டும். ஹோல்டரும் கிக்கரும் பின்னால் நின்று கடைசிக் காவல். இவை எல்லாம் ஒரு பயிற்சி நாளில் பத்து நிமிட வேலை. அன்று வரிசை முழுக்க நடுவில் குவிந்தே கிடக்க, டேவிஸ் முதலில் உள்ளே போவது போல் அடி வைத்து இடது ஓரத்துக்குத் திரும்பினார். அங்கே ஆபர்ன் ஆட்கள் ஏற்கெனவே சுவர் எழுப்பியிருந்தார்கள்.

இந்த ஆட்டத்தின் நினைவு தெரிந்தவர்கள் யாரும் உதைப் பிரிவை அலட்சியம் செய்யமாட்டார்கள். 1972-ல் ஆபர்ன் 17-16 என்று வென்றது, தட்டப்பட்ட அலபாமாவின் இரண்டு பன்ட்களையும் எடுத்து டேவிட் லாங்னர் டச் டவுன் ஆக்கியதால். 1985-ல் வான் டிஃபின் நேரம் முடியும் தறுவாயில் 52 யார்டு உதை போட்டு அலபாமா 25-23. அயர்ன் பவுலின் வாழ்வும் சாவும் பலமுறை கால் நுனியில்தான் நின்றிருக்கிறது.

பின்னால் நடந்தவை

அலபாமா சுகர் பவுலில் ஓக்லஹோமாவிடம் 45-31 என்று தோற்றது. ஆபர்ன் தேசிய இறுதிவரை போய் 2014 ஜனவரியில் ஃப்ளோரிடா ஸ்டேட்டிடம் 34-31 என்று வீழ்ந்தது. அந்தக் குளிர்காலத்தில் வேக ஆட்டத்தைக் கட்டுப்படுத்த ஒரு விதி முன்மொழிவு வந்தது: தடுப்பு அணி ஆள் மாற்ற வசதியாக, ஒவ்வொரு முயற்சிக்கும் தனியாக ஓடும் கடிகாரத்தின் முதல் 10 நொடி பந்தை நகர்த்தக்கூடாது. சேபன் அதை ஆதரித்துப் பேசினார். மார்ச் மாதம் அது கைவிடப்பட்டது. விதி மாறாது என்றானதும் அணியை மாற்றினார். ஏற்கெனவே ஜனவரியில் லேன் கிஃபினைத் தாக்குதல் பயிற்சியாளராகக் கொண்டுவந்திருந்தார். அலபாமாவும் வேகமாக ஆடத் தொடங்கியது.

2014 அயர்ன் பவுலில் ஆபர்ன் 630 யார்டு எடுத்தது. தடுப்பு அணியின் சிக்கல் ஓராண்டில் தீரவில்லை என்பது அதில் தெரியும். ஆனால் அன்று கோல் கோட்டருகே வந்து வந்து ஃபீல்ட் கோலோடு திருப்தியானது ஆபர்ன், ஐந்து தடவை. அலபாமா டச் டவுனாகவே அடித்து 55-44 என்று வென்றது.

2015-ல் ஆட்டம் மறுபடியும் ஜோர்டன்-ஹேருக்கு வந்தது. டெரிக் ஹென்றி 46 தடவை பந்தைச் சுமந்து 271 யார்டு ஓடினார். 29-13. அலபாமாவின் 29 புள்ளியில் 15 புள்ளி ஐந்து ஃபீல்ட் கோலில் வந்தது. ஐந்தையும் உதைத்தவர் ஆடம் கிரிஃபித்.